அடுப்புக்குப் போன விண்ணப்பம்

“இந்தக் காகிதம் அடுப்பெரிக்கத்தான் லாயக்கு!”

மனைவி கையிலிருந்த விண்ணப்பத்தை வெடுக்கென்று பிடுங்கினான் அவன். இருபத்திரண்டு வருஷம் நிலக்கரி வெட்டி, கரி ஊறி நீலம் பாய்ந்த விரல்கள். சுரங்கத்தை மூடி எட்டு மாதமாகிறது. அன்றிலிருந்து அவன் வாய் மட்டும்தான் வேலை பார்க்கிறது.

“கரி வேணாம்னு நம்ம சுரங்கத்தை மூடினவனுங்கதான் இந்தப் பயிற்சியையும் நடத்துறானுங்க. அவனுங்ககிட்டப் போய் பல்லைக் காட்டப் போறியா?”

“பல்லையும் காட்டல, கையும் ஏந்தல. பரீட்சை எழுதப் போறேன். பூமிக்கடியில இருக்குற சூட்டை நீராவியா மேல கொண்டாந்து கரண்ட் எடுக்குறாங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பன்னெண்டு வருஷமா பாய்லரோட மாரடிக்கிறேன். நீராவி எனக்குப் புதுசா?”

“இருக்குறது இருபது இடம். உன் வயசுக்கு உள்ள விடுவானா?”

“வயசு வரம்பே கிடையாது. எட்டாவது படிச்சா போதும். வால்வு, பம்புன்னு ஒரு வருஷம் கத்துக் குடுத்து அவங்களே வேலைக்கு வச்சுக்குவாங்க.”

“குழிக்குள்ள இறங்கணுமா?”

“யாரும் இறங்க வேண்டாம். குழாய்தான் இறங்கும்.”

அவன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். “எரிச்சிட்டுத்தான் மறுவேலை!” என்று செருப்பை மாட்டினான்.

“எரிங்க! அங்க கட்டுக்கட்டா கிடக்கு. வேற வாங்கத் தெரியாதா எனக்கு?”

வாங்கினாள். வேலை இடைவேளையில் எழுதிக் கொடுத்தாள். அதன்பின் வீட்டில் பேச்சுவார்த்தையே இல்லை.

பரீட்சையன்று அவள் எழும்போதே அவனைக் காணோம். வழிமறித்தால் சொல்ல நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள். வீணாய்ப் போனது.

பரீட்சைக் கூடத்தில் முன்னூறு பேர். பாதிப் பேருக்கு மீசை கூடச் சரியாக முளைக்கவில்லை.

“ஆன்ட்டி, கூட வந்தவங்கெல்லாம் வெளிய உக்காரணும்” என்று ஒருவன் சிரித்தான்.

“நான் யார் கூடவும் வரல தம்பி. உன் தாளை நீ பாரு.”

விறைப்பாகப் போய் உட்கார்ந்தாள். ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று உதவும் என்று கொண்டுவந்த இரண்டு பேனாக்களையும் மேசைமேல் வைத்தாள். வினாத்தாள் வந்தது.

பக்கத்து மேசையிலிருந்து நீலம் பாய்ந்த விரல்கள் நீண்டன.

“முறைக்காத. வயசு வரம்புதான் கிடையாதே, ஒரு பேனா குடு.”