திரும்பி வரும் காரணம்

கடல் தாண்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வர ஆசைப்பட்டு, ஒரு குயில் விசா கேட்டுப் போனது. பக்கத்து மரத்துக் காகமும் துணைக்கு வந்து பின்னால் நின்றது.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த கொக்கு கேட்டது. “போனால் திரும்பி வருவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? சொந்தமாகக் கூடு இருக்கிறதா?”

“இல்லைங்க.”

“பிள்ளைகள்?”

குயிலுக்கு ஒரு பிள்ளை உண்டு. யாரும் பார்க்காதபோது காகத்தின் கூட்டில் இட்டுவிட்டு வந்த முட்டை, இப்போது சிறகு முளைத்துக் காகத்தை அம்மா என்கிறது. வாய் வரை வந்ததைக் குயில் விழுங்கிக்கொண்டது.

“இல்லைங்க.”

கொக்கு விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தது. காகத்துக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, அக்காவுக்குப் பிள்ளை இல்லைதான். ஆனா என் பிள்ளைங்க மேல உசுரு. தினமும் வந்து எட்ட நின்னு பார்த்துட்டுப் போகும். அதுங்களுக்காகவாவது திரும்பி வந்துடும். நான் பொறுப்பு.”

கொக்கு யோசித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியது.

தலை நிமிராமலே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு குயில் வெளியே வந்தது.

“மனசு கஷ்டப்படாதேக்கா,” என்றது காகம். “நீ திரும்பி வந்ததும், என் பிள்ளைங்கள்ல ஒண்ணை உனக்கே தத்துக் கொடுத்துடறேன்.”