கிவ் அப் என்றால்

“கிவ் அப்னா மேல குடுக்கறதுதானே?” என்று இடிபாட்டுக்குள் கத்தினேன்.

சரிந்த கான்கிரீட்டுக்கும் உடைந்த படிக்கட்டுக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து. அதற்குள் எங்கோ என் மனைவி கிடக்கிறாள்.

மாடியில்தான் அவளுடைய ஆங்கில வகுப்பு. பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, அவள் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் உட்கார்ந்துவிட்டது.

“இல்லைங்க. கைவிடறது” என்று சந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இயந்திரம் வைத்தால் மிச்சமும் இறங்கிவிடுமாம். தீயணைப்புக்காரர்கள் கையாலேயே கல்லை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அவளை எட்டும்வரை அவளைக் கண் அசர விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டியது என் வேலை.

எங்கள் பாப்பா என் அம்மா வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று சொன்னபோது வெறும் ‘ம்’தான் வந்தது. ஆனால் தப்பு காதில் விழுந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. எங்கள் கல்யாணப் பத்திரிகையையே பேனாவால் திருத்தியவள் அவள்.

“அப்போ நான் தினமும் மாடி ஏறி வந்து உனக்கு டீ கிவ் அப் பண்றேன். சரிதானே?”

பக்கத்தில் கல் தூக்கியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பஸ் ஓட்டுகிறவனுக்கு இந்த நேரத்தில் இங்கிலீஷ் ஒரு கேடா என்று நினைத்திருப்பார்.

“டீய இல்லைங்க... பழக்கத்த. நம்பிக்கைய.” குரல் தேய்ந்திருந்தது.

அடுத்த தப்புக்குப் பதில் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை.

குப்புறப் படுத்து சந்துக்குள் முகத்தை நுழைத்தேன். வாய் நிறையப் புழுதி. வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன். சோறு கிவ் அப் ஆகிவிட்டது என்றேன், பஸ் கிவ் அப்பில் நிற்கிறது என்றேன். அழுகையில் எனக்கே என் குரல் புரியவில்லை.

திருத்துடி, தயவுசெய்து திருத்து.

வெகுநேரம் கழித்து ஒரு இருமல் கேட்டது.

“போன வாரம் பாப்பாவுக்கு இத நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஒரு தப்பில்லாம.”

புறங்கையால் கண்ணைத் துடைத்தேன்.

“நிறுத்தாதீங்க” என்றாள். “அடுத்த தப்பச் சொல்லுங்க.”