என்ன சொன்னான்?

வயிற்றில் ஜெல் சில்லென்று விழுந்தது.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். மூடினால் பயம் கூடியது. திறந்துகொண்டாள்.

மாந்தோப்புக்கு நடுவே ஒற்றை வீடு. பட்டப்பகலில் ஜன்னல்களைக் கம்பளியால் மறைத்திருந்தார்கள். கட்டிலை ஒட்டி ஒரு ஸ்டூல். அதன்மேல் சின்னப் பெட்டி போல ஒரு ஸ்கேன் மெஷின். அதை இயக்கியவன் டாக்டர் இல்லை. டாக்டர் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை.

அவளுடைய போனை வாசலிலேயே புரோக்கர் பெண் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தோப்புக்கு வெளியே எங்கோ அதிகாரிகளின் ஜீப் நிற்கிறது. அது அவளுக்குத் தெரியும். இவர்களுக்கும் தெரிந்துவிட்டால்?

ஊர் நர்ஸ் தெய்வானைதான் அவளிடம் கேட்டாள். வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிற கும்பல் ஒன்று இந்தப் பக்கம் வந்துபோகிறது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், நிஜமாகவே முழுகாமல் இருக்கிற ஒருத்தி போனால்தான் நம்புவார்கள் என்றாள். உனக்கு ஏற்கெனவே இரண்டும் பெண், யாருக்கும் சந்தேகம் வராது என்றாள். அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தால் போதும். மற்றதை அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்.

புருஷன் மாதப்பன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

அவன் உடனே ஒத்துக்கொண்டான்.

நர்ஸ் வந்தாலே கொல்லைப்பக்கமாக எழுந்து போகிறவன். அன்றைக்கு அவனே நாற்காலி எடுத்துப் போட்டான்.

காலையில் கிளம்பும்போது அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"அவன் என்ன சொல்றான்னு நல்லா காதுல வாங்கிக்க."

அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

கட்டில் சட்டம் முதுகில் குத்த, அண்ணாந்து படுத்திருந்த இந்த நேரத்தில் உறைத்தது.

கருவி வயிற்றின்மேல் ஊர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது. அழுத்தியது.

முன்னாடி என்ன குழந்தை என்று அவன் கேட்டான். இரண்டும் பெண் என்றாள்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லாமல் விட்டுவிட மாட்டானா என்று இருந்தது அவளுக்கு.

ஒரு துணியை நீட்டினான்.

"இதுவும் பொண்ணுதாம்மா. வேணாம்னா வெளிய அந்தக்கா கிட்ட பேசிக்க."

துடைத்தாள். எவ்வளவு துடைத்தாலும் பிசுபிசுப்பு போகவில்லை.

வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. முந்தானை கையில்தான் இருந்தது. கை எழவில்லை.

துடைக்காமல் போய்விடலாம். ஒன்றும் சொல்லவில்லை, மெஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

மாதப்பன் கேட்பான். இங்கேயே திரும்ப அழைத்து வருவான்.

வாசல் மரத்தடியில் அடுத்தவள் காத்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அவளுடைய மணிக்கட்டை மாமியார் பிடித்த பிடி விடவே இல்லை. உள்ளே கூப்பிட்டதும் அந்தப் பெண் எழுந்தாள்.

இவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தோப்புக்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். புரோக்கர் பெண் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். உள்ளே என்னவோ உருண்டு விழுந்தது. எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது.

முடியாதது ஒன்று இருந்தது.

சுகாதாரத் துறை அதிகாரியம்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். ஸ்கேன் பார்த்தவன் மூலையில் தரையில் குந்தியிருந்தான். பக்கத்தில் போலீஸ்காரர். ஜீப்பில் காத்திருந்த மாதப்பனும் வந்து நிலைப்படியில் நின்றுகொண்டான். கழுத்து உள்ளே நீண்டிருந்தது.

"பயப்படாதம்மா. ஆணுன்னு சொன்னாலும் குத்தந்தான், பொண்ணுன்னு சொன்னாலும் குத்தந்தான். இந்தாளு என்ன சொன்னான்? அப்படியே சொல்லு, எழுதிக்கணும்."

அதிகாரியம்மாவைத் தனியாக அழைத்துச் சொல்லலாமா என்று யோசித்தாள். ஆனால் நாளைக்குக் கோர்ட்டில் இதை எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார்கள். மாதப்பன் அங்கேயும் வந்து நிற்பான்.

"பையன்னு சொன்னாருங்க."

மூலையில் இருந்தவன் தலை நிமிர்ந்தது.

அவன் உதடுகள் பிரிந்தன. சொல்லிவிடுவான். பெண் என்றுதானே சொன்னேன் என்று சொல்லிவிடுவான்.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று போலீஸ்காரர் அவனை அதட்டினார்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு மெஷினைப் பார்த்தான். அவள் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டுமானால், தான் சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரியம்மா எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்த தெய்வானை அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

திரும்பும்போது ஜீப்பில் மாதப்பன் அவளை ஒட்டி உட்கார்ந்தான். பள்ளம் வந்தபோதெல்லாம் மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரைக் கேட்டுக்கொண்டான். முந்தைய இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டான்.

கை சூடாக இருந்தது. அதை எடுக்கச் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

தார் ரோடு வந்ததும் மெல்லக் கேட்டாள். இந்தத் தடவையும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கே போய்விடட்டுமா என்று.

மாதப்பன் சிரித்தான்.

"அங்க எதுக்கு? இங்கயே இரு. பொறந்ததும் நாந்தான் மொதல்ல கையில வாங்கணும்."