அமெரிக்க இலக்கியத்துக்கு ஒரே ஒரு ஆள்

"ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டா அதுக்குப் பேர் வகுப்பு இல்ல சார். பேச்சுத்துணை."

முதல்வர் வாசலில் நின்றபடியே சொன்னார். மாலை நேர வகுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்ததால் கல்லூரியில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். இன்றைக்கு வெட்டுக்கு நின்றது, அமெரிக்க இலக்கிய வரலாறு.

பேராசிரியர் கரும்பலகையிலிருந்து மெல்லத் திரும்பினார். எதையும் மெல்லத்தான் செய்வார். அவசரம் என்பது படிக்காதவர்களின் குணம் என்பது அவர் கொள்கை.

"தரத்தை எண்ணிக்கையால் அளப்பது ஓர் அறிவுலக அவலம், முதல்வர் அவர்களே."

"அவலமாவே இருக்கட்டும். நாளையிலேர்ந்து இந்த ரூம் தையல் வகுப்புக்கு. மெஷினெல்லாம் வந்து இறங்கியாச்சு. நீங்க பகல்ல, வணிகக் கடிதம் எழுதறது எப்படின்னு சொல்லிக் கொடுங்க."

சாக்பீஸ் ஒடிந்தது. 'தங்கள் மேலான ஆர்டரை எதிர்நோக்கும்' என்று பலகையில் எழுதிப் போடும் கோலத்தில் பேராசிரியர் ஒரு கணம் தன்னைப் பார்த்துவிட்டார்.

"இந்த அம்மாவைக் கேளுங்கள்!" முதல் பெஞ்சைக் காட்டினார். குரலில் அவசரம் வந்துவிட்டிருந்தது. "ஒரு வகுப்பு தவறியதில்லை. நான் பேசுவதை ஒரு சொல் விடாமல் போனில் பதிவு செய்துகொண்டு போகிறார்கள். ஒரு சொல் விடாமல்!"

முதல் பெஞ்சில் இருந்த பெண்மணி பதறிப்போய் நிமிர்ந்தார். "வகுப்பை நிறுத்தப் போறீங்களா? ஐயோ, நிறுத்திடாதீங்க சார்!"

பேராசிரியருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் அவருக்காக யாரும் ஐயோ என்றதில்லை.

முதல்வர் பக்கத்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். "அப்படி என்னம்மா சொல்றார் இவர்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, பாப்போம்."

"அதாவது, காலனியக் காலத்து ஆன்மிகப் பிரக்ஞையின்..." என்று ஆரம்பித்தார் பேராசிரியர்.

"நீங்க இல்ல சார். அவங்க."

"முதல்ல கப்பல்ல வந்து இறங்கினவங்க இருக்காங்களே, அவங்களுக்கு எதைப் பார்த்தாலும் பயம் சார்," என்றார் அந்தப் பெண்மணி. "கடவுள் கோவமா இருக்காரோன்னே எழுதினாங்க. பிரசங்கம், நாட்குறிப்பு, அவ்வளவுதான். மாமியார் வீட்டுக்கு வந்த புதுசுல மருமக எப்படி இருப்பா? அந்த மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் தனிக்குடித்தனம். விடுதலை கிடைச்சதும் தைரியம் வந்துடுச்சு. மலை, காடு, பேய், காதல்னு எழுதித் தள்ளினாங்க. கற்பனாவாதம். அதுல ஒரு கோஷ்டி, கடவுளைத் தேடி சர்ச்சுக்கு எதுக்குப் போகணும், மரத்தடியில உட்கார்ந்து உன் மனசைப் பாருன்னு கிளம்பிடுச்சு."

"அட! நல்லா இருக்கே. அதுக்கென்ன பேர்?"

"ஆழ்நிலைவாதம்," என்றார் பேராசிரியர், தன் பங்குக்கு.

முதல்வர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"உள்நாட்டுப் போர். அண்ணன் தம்பியைச் சுட்டான். பிணம் தூக்கிட்டு வந்தவன் நிலாவைப் பத்தியா எழுதுவான்? தெருவுல பாத்ததை, தெருப்பேச்சுலயே எழுதினாங்க. யதார்த்தவாதம். அதுலயே இன்னும் கொஞ்சம் கசப்பா, மனுஷன் என்ன முட்டி மோதினாலும் பசியும் பிறப்பும்தான் ஜெயிக்கும்னா, அது இயற்கைவாதம்."

"என் மாமனார் வீட்டுல நான் இருக்கேனே, அது மாதிரி," என்றார் முதல்வர். கத்தரி ஜோக்கடித்து அந்தக் கல்லூரியில் யாரும் கேட்டதில்லை. "சொல்லுங்க, சொல்லுங்க."

"உலகப் போர் வந்து மிச்சத்தையும் உடைச்சுப் போட்டுது. உடைஞ்ச உலகத்துக்கு ஒழுங்கான கதை எதுக்குன்னு கதையையும் உடைச்சாங்க. நவீனத்துவம். அதே சமயம், அதுவரைக்கும் யாரும் பேசவிடாத கறுப்பின மக்கள், தங்களோட பாட்டுத் தாளத்துலயே கவிதையும் கதையுமா பொங்கிட்டாங்க. கடைசியில, உடைஞ்சதை ஒட்டவே முடியாதுன்னு தெரிஞ்சதும் சிரிக்க ஆரம்பிச்சாங்க. அது பின்நவீனத்துவம்."

முதல்வர் பெஞ்சிலிருந்து எழுந்தார். பேராசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு ஆளுக்கு இவ்வளவு ஏத்தியிருக்கீங்களே சார்! வகுப்பு நடக்கட்டும். தையல் மெஷினை மாடியில போட்டுக்கறேன்."

அவர் காலடிச் சத்தம் தேய்ந்ததும் பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். தன் சிலைக்கு எந்த இடம் பொருத்தம் என்று யோசிப்பவரின் முகம்.

"அம்மா, இத்தனை நாள் கேட்கக் கூச்சப்பட்டேன். உங்கள் ஆராய்ச்சி எந்த இயக்கத்தில்?"

"ஆராய்ச்சியெல்லாம் இல்ல சார். ஆஸ்பத்திரியில தூக்கம் வராதவங்க வார்டுக்கு நான்தான் டாக்டர்."

"ஓ... அப்படியானால் இந்தப் பதிவு?"

"ராத்திரி வார்டுல போட்டுவிடுவேன். அபாரமா வேலை செய்யுது சார்! மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டோம். கப்பல் கரை சேர்றதுக்குள்ளயே பாதிப் பேர் குறட்டை. டியூட்டியில இருக்கறதால நான் ஒருத்திதான் முழுசாக் கேக்கறேன். ஒரே பாடத்தைத் திரும்பப் போட்டா பழகிடறாங்க, அதான் வகுப்பு நின்னுடுமோன்னு பயந்துட்டேன்."

பேராசிரியர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தார். "பின்நவீனத்துவம் வரைக்கும்," என்று இழுத்தார், "ஒரு நோயாளிகூடவா விழித்திருந்ததில்லை?"

டாக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஏன் இல்ல? ஒருத்தர் இருக்கார் சார். தினமும் கடைசி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருப்பார்."

பேராசிரியரின் முகம் மலர்ந்தது. "யார் அந்த ரசிகர்?"

"பாவம் சார், அவருக்கு ரெண்டு காதும் கேக்காது."