இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?

"என் போன் இதுக்கெல்லாம் சரிப்பட்டு வராதுடா ஏரோனி. வேற யாரோடதையாவது புடுங்கிக்கோ."

லோசலினி அத்தை போனை இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஊரே மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில் எழுவர் ரக்பி இறுதி ஆட்டம், ஃபிஜிக்கும் நியூசிலாந்துக்கும். ஊரின் ஒரே டிவி புயலோடு போயிற்று. பள்ளிக்கூடத்து லேப்டாப்பும், சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரும் வந்துவிட்டன. மாதக் கடைசி என்பதால் எல்லார் போனிலும் டேட்டா காலி. ஆக்லாந்திலிருந்து மகன் நிரப்பிவிடுவதால் அத்தை போனில் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

"மகளிர் சங்கத் தலைவி, நீயே இப்படிச் சொன்னா எப்படி? குடு, ஏரோனி பாத்துக்குவான்" என்றார் ஊர்த்தலைவர் சாக்கியூசா.

"சார்ஜ் ஒயரே உள்ள நிக்க மாட்டேங்குது. ஓட்டை கெட்டுப்போச்சு."

ஊருக்குப் போன் வைத்தியன் ஏரோனிதான். தென்னை ஈர்க்கைச் சீவி ஓட்டைக்குள் விட்டு மெல்லக் கிளறினான். ஒரு தலையணைக்கு ஆகும் பஞ்சு வந்தது. ஒயர் டக்கென்று உட்கார்ந்தது.

"ஒண்ணும் கெடல அத்தை. குளிக்காம இருந்திருக்கு."

மண்டபம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை.

"ரெண்டு சிம் போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"ஒண்ணு சங்கத்துக்கு, ஒண்ணு மகனுக்கு. உன் வேலையைப் பாரு. சார்ஜ்தான் ஏறுது, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியல பாரு. சரிப்படாதுன்னு சொன்னேன்ல?"

"இது வெறும் சார்ஜ் ஒயர், அதான். டீச்சர், உங்க ஒயரைக் கொஞ்சம் குடுங்க."

அத்தையைச் சீண்டுவதில் ஏரோனிக்குத் தனி சுகம். தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டு முடிக்கும்வரை யாரும் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்கக் கூடாது என்று தடை கொண்டுவந்த மகராசி அவள்தான். ஆம்பளைகள் ராத்திரியெல்லாம் குடித்துவிட்டுப் பகலில் கூரை ஏறாமல் தூங்குகிறார்களாம். மாட்டினால் அபராதம் ஒரு பன்றி. ஏரோனி ஏற்கெனவே ஒரு பன்றி அழுதுவிட்டான். மிச்சம் இருந்த ஒன்று அடுத்த வாரம் அவனுடைய கல்யாண விருந்துக்கு. அதுவும் போனால் பெண்ணின் அப்பா பெண்ணோடு திரும்பிப் போய்விடுவார்.

அதற்காகக் குடிக்காமல் இருக்க முடியுமா? ஒரு புண்ணியவான் கிடைத்திருந்தான். பெயர் தெரியாது, முகம் தெரியாது, நம்பர் மட்டும்தான். ஒரு குறுஞ்செய்தி போட்டால் ஈரப்பலா மரத்தடியில் இடித்த யங்கோனாப் பொட்டலம் வந்து உட்கார்ந்திருக்கும். கொள்ளை விலைதான். ஆனாலும் இன்றுவரை ஒருத்தரையும் காட்டிக்கொடுக்காத தங்கமான ஆள்.

ஒயர் மாறியதும் போன் திரையில் ஒரு கேள்வி எழுந்தது.

"இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமான்னு கேக்குது அத்தை."

"நம்பாதேன்னு போடு!"

"அப்புறம் ஆட்டம் எப்படித் தெரியும்?" என்றபடி 'நம்பலாம்' என்பதைத் தட்டினான்.

"டேய், என் போனுக்கு வர்றதெல்லாம் செவுத்துல தெரியுமா?"

"சேச்சே, ஆட்டம் மட்டும்தான் தெரியும்."

பச்சைப் பொய். செய்திகளை அடைக்க ஒரு தட்டு போதும். அடைப்பானேன்? மகன் எழுதும் மாமியார் மருமகள் வம்பு நாலு வரி சுவரில் விழுந்தால் ஊருக்கும் பொழுது போகுமே என்று அப்படியே விட்டான்.

சுவரில் பச்சை மைதானம் விரிந்தது. மண்டபம் அதிர்ந்தது. லோசலினி மட்டும் போனைக் கழற்றப் போவதுபோல் எழுந்து எழுந்து நின்றாள். "அத்தை, தலை மறைக்குது!" என்று கத்திக் கத்தி உட்கார வைத்தார்கள்.

கடைசி நிமிடம்வரை சமநிலை. அப்புறம் நம் ஆள் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூன்று பேரை உதறித் தள்ளிக் கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தான். அவ்வளவுதான், பாய்கள் பறந்தன. சாக்கியூசா யாரையோ கட்டிக்கொண்டு அழுதார். சுவரில் அந்த ஆள் மறுபடி மறுபடி விழுந்துகொண்டே இருந்தான்.

இந்தச் சந்தோஷத்தை வெறும் தண்ணீரிலா கொண்டாடுவது? ஏரோனி பின்வரிசைக்கு நழுவினான். டேட்டா இல்லாவிட்டால் என்ன, குறுஞ்செய்தி போகுமே. புண்ணியவானுக்குத் தட்டினான்.

'ரெண்டு பொட்டலம். உடனே மரத்தடியில வை. லோசலினிக் கிழவி இங்க மண்டபத்துலதான் குந்தியிருக்கா, பயப்படாதே.'

அனுப்பினான்.

லேப்டாப்பின் ஒலிபெருக்கியில் 'டிங்' என்று கேட்டது.

சுவரில், கோட்டுக்கு அப்பால் விழுந்து கிடந்தவனின் முகத்துக்கு மேல், முழ நீள எழுத்தில் 'ஏரோனி' என்று இருந்தது. அதற்குக் கீழே, ரெண்டு பொட்டலத்திலிருந்து கிழவிவரை ஒரு சொல் விடாமல் எல்லாம் இருந்தது.

சாக்கியூசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தார். ஏரோனியைப் பார்த்தார்.

"ஒரு பன்னி" என்றார்.

பிறகு மெதுவாக, போனுக்குச் சொந்தக்காரியின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு."

"நம்பாதேன்னு போடுன்னு அப்பவே அடிச்சுக்கிட்டேனேடா, பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் மகளிர் சங்கத் தலைவி.