கொசு கடிக்காத நாட்கள்

மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்கத்தான் செண்பகவல்லி வலைக்கதவைத் திறந்தாள். திரும்பி வந்தபோது, கொசு கடிக்காத நாட்களை எண்ணும் மணிக்கட்டுப் பட்டை இருபத்தொன்பதிலிருந்து பூஜ்யத்துக்குப் போயிருந்தது. சிறுநீரகம் கொடுப்பவரை முப்பது நாட்களுக்கு ஒரு கொசுகூடக் கடித்திருக்கக் கூடாது. டெங்குக் கிருமியும் சேர்ந்து தம்பிக்குப் போய்விடக் கூடாதே.

"விடுக்கா, என்னைவிட அந்தக் கொசுவுக்கு அவசரம்" என்று சிரித்தான் தம்பி இளம்பரிதி. "இன்னொரு முப்பது நாள்தானே, நான் எங்க ஓடிடப் போறேன்?"

வலைக்குள் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நடந்தாள், நின்றாள், இல்லாத கொசுவைக் கைகளில் தட்டினாள். பதினேழாம் நாள் அவன் இறந்துபோனான்.

அவளுக்குக் காய்ச்சல் வரவேயில்லை. இரண்டு சிறுநீரகங்களும் இன்னும் அவளிடமே இருக்கின்றன.