தகர டப்பாவுக்குள் ஏழு தீவு

"கடுதாசி வந்திருக்கா மாஸ்டர்? பொண்ணு இந்தத் தடவை என்ன குறை சொல்லியிருக்கா?"

கவுன்ட்டருக்கு வெளியே நின்று கேட்டார் சிவஞானம். காட்டிலாகாவில் மரம் அளக்கிற வேலை அவருக்கு. கப்பல் தபால் வரும் நாளென்றால் போதும், தீவில் பெரார்கஞ்சு ஊருக்கு அப்பால் இருந்த அந்தச் சின்னத் தபால் ஆபீசுக்கு ஐந்து மைல் சேற்றில் நடந்தே வந்துவிடுவார்.

"வந்திருக்கு. கவர்தான் வழக்கம்போல கப்பல்ல நனைஞ்சு நாறிப்போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் போஸ்ட் மாஸ்டர் அல்போன்ஸ், தலையை நிமிர்த்தாமல்.

"கவர் கிடக்கு விடுங்க. நீங்களே படிங்க, நான் கண்ணாடி எடுத்துட்டு வரலை."

அல்போன்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார்.

"அன்புள்ள அப்பா, மூன்றாவது விளையாட்டும் கிடைத்தது. முதலில் நிறை. டப்பா உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வீரனுக்கு நானே பெயர் வைக்கலாம். பூதத்தோடு சண்டை போடும்போது கை வேர்த்துவிடுகிறது."

சிவஞானத்தின் முகம் மலர்ந்தது. அவர் கையாலேயே செய்தது அல்லவா? பழைய பெப்பர்மின்ட் டப்பா ஒன்று. அதற்குள் வர்ணத்தில் ஏழு தீவுகள், மேலே கண்ணாடி. உள்ளே உருளும் இரும்புக் குண்டுதான் வீரன். டப்பாவைச் சாய்த்துச் சாய்த்து அவனைத் தீவு தீவாக நடத்த வேண்டும். வாளை எடுப்பதா, மந்திரக் கல்லை எடுப்பதா என்பது ஆடுகிறவர் இஷ்டம். அதற்குத் தக்கபடி வழி மாறும். பூதத்தின் வாய் என்பது ஒரு ஓட்டை. குண்டு அதில் விழுந்தால் கதை முடிந்தது.

"நிறை கிடக்கட்டும். குறையைச் சொல்லுங்க."

"மூன்றாவது தீவில் ஓட்டை ரொம்பப் பெரிசு. நாற்பது தடவை செத்துவிட்டேன். அப்புறம் உப்புக்காற்றில் டப்பா துரு..."

அல்போன்ஸ் சட்டென்று நிறுத்தினார். பெண் இருப்பதோ திருவண்ணாமலையில். அங்கே உப்புக்காற்று எங்கிருந்து வரும்? எழுதும்போது இது புத்தியில் உறைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆமாம், எழுதியது அவர்தான், இடது கையால். சிவஞானம் தன் மகள் சந்திரமதிக்கு அனுப்பிய முதல் பார்சல், 'இந்த விலாசத்தில் இப்படி யாரும் இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அனுப்பியவரிடம் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். அன்றைக்குப் பார்த்து மனுஷன் குடையும் ஆசையுமாக வந்து நின்றார். கொடுக்க அல்போன்சுக்கு மனசு வரவில்லை. மனைவி சிசிலியா போன பிறகு, ஆபீசைப் பூட்டினால் பேச்சுத்துணைக்கு ஒரு ஜீவன் இல்லாத வீடு அவருடையது. தபால்காரன் செய்யக்கூடாத பாவம் என்று தெரிந்தும் அன்று சாயங்காலம் பார்சலைப் பிரித்தார். வெளிச்சம் மங்குகிறவரை ஆடினார். அடுத்த கப்பல் நாளில் சந்திரமதியாகிப் பதிலும் எழுதினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கிறுக்கலா இருக்கு. கடைசிக் குறை இதுதான். வீரன் ஏழு தீவுக்கும் தனியாகவே போகிறான். கூட ஒரு ஆள் இருந்தால் பேசிக்கொண்டே போவான்."

சிவஞானம் குடையைக் கவுன்ட்டரில் சாய்த்து வைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"சுட்டி சாங்ஷன் ஆயிருச்சு மாஸ்டர். ஒரு மாசம் லீவு. அடுத்த ஜஹாஸ்ல மெயின்லேண்டு போயி பொண்ணைப் பாத்துட்டு வந்துடறேன்."

அல்போன்ஸ் கடுதாசியை மடித்து வைத்தார். நாலு நாள் கப்பலில் கிடந்து, ரயிலேறி, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்பாரே இந்த மனுஷன். சொல்லிவிட்டால் வேலைக்கே ஆபத்து. அதைவிட, ஐந்து மைல் நடந்து வந்து தன்னோடு பேசுகிற ஒரே ஆளும் இனி வரமாட்டார்.

"போகாதீங்க சிவஞானம்." மேஜை டிராயரை இழுத்து மூன்று டப்பாக்களையும் எடுத்து வைத்தார். "எல்லாமே திரும்பி வந்துட்டு. ஆடினதும் நான்தான், எழுதினதும் நான்தான். மேல புகார் எழுதுங்க, நான் மறுக்கமாட்டேன். ஆனா உங்க மக எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கிடுங்க."

"எழுதினது நீங்கதான்னு தெரியும் மாஸ்டர்."

"உப்புக்காத்துன்னு படிச்சேனே, அதை வச்சா?"

"அதுக்கெல்லாம் முன்னாடியே. முதல் கடுதாசியிலேயே தெரியும். நீங்களா வாயைத் திறக்கட்டும்னுதான் சுட்டின்னு ஒரு பொய் சொன்னேன்."

சிவஞானம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு தோள்பையிலிருந்து புது டப்பா ஒன்றை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தார். பெரிய பிஸ்கட் டப்பா. உள்ளே இரண்டு குண்டுகள் உருண்டன.

"இதுல ரெண்டு வீரன், நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே செஞ்சுட்டேன். அந்தப் பக்கம் நீங்க பிடிங்க, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். ஒருத்தர் மட்டும் ஆட முடியாது."

அல்போன்சுக்குக் கை நீளவில்லை. "அப்ப சந்திரமதி? பிள்ளை என்ன ஆனா?"

"எனக்குக் கல்யாணமே ஆகலை மாஸ்டர். கப்பல் நாள்ல எல்லாரும் யாருக்காவது எதையாவது அனுப்புறாங்களேன்னு, நானும் ஒரு பேரையும் தெருவையும் மனசுக்குத் தோணினபடி எழுதிப் போட்டேன்" என்றார் சிவஞானம். "அதுக்குப் பதில் வந்தப்பதான், இந்தத் தீவுல என்னை மாதிரியே இன்னொரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சுது."